இந்த மாற்றல் எனக்கு

ஜூன் 3
ராணுவத்திலிருந்து இவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. விடிந்ததும் போர்வைகளை மடிக்கிறார். விட்டால் மகளையும் போர்வையோடு சேர்த்து மடித்துவிடுவார்.

ஜூன் 9
மழை. துணி காயவில்லை. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 14
காலையில் பரணிலிருந்து இரும்புப் பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்தார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் இவர் பெயரும் படை எண்ணும். "டிரான்ஸ்பர் ஆர்டர் வந்திருக்கு. பெட்டி கட்டு" என்றார். இப்போது காவல் வேலை பார்க்கும் கம்பெனியில் எங்கோ தூக்கியடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கே, எப்போது என்று கேட்கவே இல்லை. இருபது வருடப் பழக்கம், கை தானாகப் பாத்திரங்களுக்குப் போனது. மதியத்துக்குள் சமையலறை காலி. பள்ளி விட்டு வந்த மகள் தண்ணீர் குடிக்க டம்ளர் தேடினாள்.

அப்போதுதான் சிரித்தார். "பாத்திரத்த எதுக்குக் கட்டுன? டிரான்ஸ்பர் எனக்கில்ல. உனக்கு."

நர்சிங் படிப்பு, வேறு ஊரில், விடுதியோடு. ஓய்வு பெற்றவர் குடும்பத்துக்கான கல்வி உதவிக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். என் பழைய சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தது மகள். கூட்டுக் களவாணிகள்!

அழுதேன். கோபமா, சந்தோஷமா? இதே படிப்பில் இரண்டு ஊர்களில் சேர்ந்திருக்கிறேன். இரண்டு முறையும் முதல் வருடம் முடியுமுன் இவருக்கு மாற்றல் வந்தது. மூன்றாவது ஊரில் நான் சேரவே இல்லை.

ஜூன் 15
வீட்டுக்கு ஒருத்தருக்குத்தானே உதவி கிடைக்கும்? நான் எடுத்துக்கிட்டா நாளைக்கு மகள் என்ன செய்வா? பிள்ளை பங்கைப் பிடுங்கித் தின்னணுமா நான்? வேணாம். போய் வேணாம்னு சொல்லிடணும்.

ஜூன் 16
முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கிருந்த எழுத்தர் போரில் ஒரு காலை இழந்தவர். நான் கொட்டித் தீர்க்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"பொண்ணு பங்கு தனி, உங்க பங்கு தனி, அக்கா. உங்களோடது கேக்க ஆளில்லாம கெடந்துச்சு. அவர் மட்டுமா சர்வீஸ் பண்ணாரு? நீங்க எத்தன ஊருக்குப் பெட்டி கட்டியிருப்பீங்க!"

இதுவரை என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

ஜூலை 2
விடுதி. அறையில் கூட இருப்பவள் சின்னப் பெண். வந்ததும் "ஆன்ட்டி" என்றாள். அவள் மூட்டைகளைப் பிரித்து அடுக்கிக் கொடுத்ததும் "அக்கா" ஆகிவிட்டேன். பதவி உயர்வு!

பெட்டி மூடியில் தன் பெயரையும் எண்ணையும் அழித்துவிட்டு என் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார். எழுத்து கோணல்தான். தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 20
எலும்புகளின் பெயர் ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. மண்டையே எலும்புதானே, அதற்கே இடம் போதவில்லை போலும். மகள் போனில்: "அப்பா சமையல்ல உப்பே இல்லம்மா. ஆனா கிச்சன் பளபளன்னு இருக்கு."

ஏப்ரல் 6
விடுதி வாசலில் தபால்காரர் மணியடித்தார். புத்தகத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான் — இந்த முறையும் ஏதாவது வந்துவிடுமோ?

பக்கத்து அறைக்குத்தான் தபால்.

மே 11
கடைசித் தேர்வும் எழுதியாயிற்று. முதலாண்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். வெளியே வந்ததும் இவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, டிரான்ஸ்பர் ஆர்டர் ஏதாவது வந்துச்சா?"

"வரல" என்றார். "வந்தாலும் கதவத் திறக்க மாட்டேன்."