அழுக்குக் கை என்றார் முதலாளி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்று போனில் சொன்னேனே, வயசு என்று நினைத்தோம், இல்லையம்மா, ஈயம். பதினாலு வருஷமாகப் பழைய பேட்டரி உடைக்கிறாள், பால் குடித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று முதலாளி தினமும் ஒரு டம்ளர் கொடுத்தார், பட்டறையில் வேலை செய்கிறவர்களும் ஈயம் படிந்த கையாலேயே வாங்கிக் குடித்தார்கள். போன மாதம் அதிகாரிகள் வந்து எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், எல்லோருக்கும் ஈயம் எகிறியிருந்தது. கழுவாத கையை நீட்டினால் அழுக்குதான் வரும் என்று முதலாளி சிரித்தாராம். வேலை போய்விடுமே என்று மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மாதான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அப்படின்னா நரம்புல எடுங்க சார், அங்க எந்த அழுக்கு இருக்குன்னு பாப்போம் என்றாளாம். அப்புறம் பதினோரு பேர் கையை நீட்டினார்கள்.

அதோடு விட்டாளா, என்னையும் ரத்தம் கொடுக்க இழுத்துக்கொண்டு போனாள். நாள் முழுக்க ஊசியோடு இருக்கிற தையல்காரர், ஊசியைப் பார்த்தா மயங்கிடுவார், பிடிச்சுக்கங்க என்று நர்ஸிடம் என் மானத்தை வாங்கினாள். ரத்தத்தில் ஈயம் ஐந்தைத் தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டுமாம். அவளுக்கு நாற்பத்தொன்று, பட்டறை வாசலை மிதிக்காத எனக்குப் பதினாறு. அவள் வேலை உடுப்பை தினமும் உதறித் துவைக்கிறவன் நான்தானே. என் ரத்த முடிவு எழுதிய காகிதத்தை முதலாளி மேஜையில் வைத்து, இவர் எந்தக் கையைக் கழுவலை, சொல்லுங்க என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். இப்போது பட்டறையிலேயே குளிக்க இடம் கட்டுகிறார்கள், உடுப்பு அங்கேயே துவைக்கப்படுகிறது, அம்மாவைத் தூசி இல்லாத வேலைக்கு மாற்றியாயிற்று. பதினாலு வருஷம் விஷத்தைத் தின்னவைத்துவிட்டு, நாலு குழாய் போட்டதை தர்மம் மாதிரி பேசுகிறார் அந்த ஆள்.

இனி உன் விஷயம். அந்த உடுப்பு தொங்கிய அறையில்தான் நீ படுத்தாய், படித்தாய். ஈயம் எலும்பில் பதுங்கியிருந்து பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ரத்தத்துக்கு வரலாமாம். என்னாலதான்னு நினைப்பாளே, எழுதாதீங்க என்று அம்மா அழுதாள். முதலாளி முன்னால் நடுங்காதவள் உனக்குத்தான் பயப்படுகிறாள். இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார், மறந்துவிடாதே. அம்மாவுக்கு ஆபீஸில் வேலை என்று உன் கல்யாணத்தில் சொன்னோமே, அந்தப் பொய்யை விட்டுவிடு. டாக்டர் கேட்டால், அம்மா பேட்டரி உடைத்தாள் என்று நிமிர்ந்து சொல்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் ஆசி.

அந்தப் பேட்டரிக்காரியின் புருஷன்,
உன் அப்பா