தேர் உயரத்துக்கு மூட்டை

ஜூன் 11

ராஜபாளையத்துக்கு மட்டுமல்ல, தென்பாண்டிச் சீமை முழுமைக்கும் பந்தல் சக்கரவர்த்தியாகிய சங்கையா என்னும் நான், இன்று ஒரே ஒரு படுதாவுக்காகத் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கடைக்கு எதிரே இருக்கிற அரசு அலுவலகம் (பேரை எழுத மாட்டேன், அவர்கள் டைரியைக் கூடப் பறிமுதல் செய்வார்கள்) போன வாரம் மம்சாபுரம் ரோட்டுச் செங்கல் சூளையில் ஒரு விழா நடத்தியது. பிடித்து வைத்த கஞ்சாவை எரித்து அழிக்கும் விழா. எரிக்கிறதுக்கு எதுக்கய்யா விழா? சாமியானா, நாற்காலி, சுற்றிலும் நீலப் படுதா, மேலதிகாரிகளுக்கு ரோஸ் மில்க். அத்தனையும் என் கடைச் சரக்கு. எல்லாம் திரும்பி வந்தது. ஒரு படுதா வரவில்லை.

என் படுதா ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு மாங்காய் இருக்கும். என் கைப்பட வரைந்தது. என் மனைவியும் வீட்டின் நிரந்தர எதிர்க்கட்சித் தலைவியுமான பாண்டிசெல்வி அதை எலி என்கிறாள்.

ஜூன் 12

அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரி, தெருவில் எல்லோருக்கும் 'பெரியவர்', டீ குடிக்க மைதீன் பிச்சை கடைக்கு வந்தார். விடுவேனா? "சார், என் பத்துப் படுதா எங்கே?" என்றேன். ஒன்றுதான். ஆனால் வாடகைக் கடைக்காரன் ஒன்று தொலைந்தால் ஒன்று என்று சொல்வதில்லை. நூறு பேர் விருந்துக்கு இருநூறு இலை என்போம், ஒரு கரண்டி காணோம் என்றால் ஒரு டஜன் என்போம். எதிராளி பேரம் பேசி இறக்குவான், கடைசியில் உள்ளது வந்து சேரும். தொழில் தர்மம்.

பெரியவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏன்யா கத்துற? ஒரு படுதா காத்துல பறந்து தீயில விழுந்து எரிஞ்சு போச்சு. கஞ்சாவோட சேந்து அதுவும் சாம்பல். போதுமா?"

மைதீன் பிச்சை, முப்பது வருஷமாக என்னைச் சகித்துக்கொள்ளும் ஒரே நண்பர், பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பத்து ஒன்னாயிருச்சுல்ல, போய்ப் பொழப்பப் பாரு சங்கையா."

படுதாவுக்கு மனசுக்குள் ஈமச்சடங்கு செய்து முடித்தேன்.

ஜூலை 8

வினோத்தைப் பிடித்துவிட்டார்கள்.

ஒழுங்காக எழுதுகிறேன். வினோத் என் தங்கச்சி ஜெயசித்ராவின் ஒரே மகன். அந்த அலுவலகத்து ஜீப்புக்கு ஒப்பந்த டிரைவர். கிருஷ்ணன்கோவில் ஊர் முனையில் வண்டிச் சோதனை. அரசாங்க ஜீப்பை எவனும் நிறுத்த மாட்டான், ஆனால் அங்கே புதிதாக வந்த பெண் எஸ்.ஐ. ஒருவர் நிறுத்தியிருக்கிறார். பின்சீட்டில் ஒரு மூட்டை. பிரித்தால் கஞ்சா.

மூட்டை சுற்றியிருந்தது நீலப் படுதாவில். மூலையில் சிவப்பு மாங்காய்.

எரிந்துபோன படுதா! எரிந்துபோன கஞ்சா! சாம்பலாகிப் போன இரண்டு பேரும் சேர்ந்து ஜீப்பில் ஊர்வலம் போயிருக்கிறார்கள்! இந்த அதிசயத்தை எந்தப் புராணத்தில் சேர்ப்பது?

ஜூலை 14

விருதுநகர் ஜெயிலில் பார்த்தேன். ஜெயசித்ரா கம்பியைப் பிடித்தவள் விடவே இல்லை.

"சார்தான் மாமா குடுத்து விட்டாரு. பழைய துணி, கிருஷ்ணன்கோவில்ல ஒருத்தன் வந்து வாங்கிக்கிடுவான்னாரு."

"பிரிச்சுப் பாக்க வேண்டியதுதானலே?"

"நம்ம படுதான்னு பாத்ததுமே தெரிஞ்சுச்சு மாமா. உள்ள உள்ளதக் குடுத்துட்டு, படுதாவ மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்து ஒங்க முன்னால போடலாம்னு நெனச்சேன். நீங்கதான் தெருவே கேக்கக் கத்துனீயளே."

இந்தக் கூமுட்டைப் பயலுக்கு அந்த நேரத்திலும் என் படுதா ஞாபகம். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தூசி.

ஜூலை 29

நேற்று ஆண்டாள் தேர். வடம் பிடித்ததில் கை இரண்டும் கன்றிப்போயிருக்கிறது. வேண்டுதலை இங்கே எழுதத் தேவையில்லை, அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 2

அரசு விசாரணை! துறைக்குள் யாருக்காவது பங்கு உண்டா என்று ஆராய ஒரு விசாரணை அதிகாரி வந்து இறங்கியிருக்கிறார். சாட்சி சொல்லப் போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சபையில் எழுந்து நிற்கும் மந்திரி மாதிரி.

"விழாவில் எவ்வளவு மூட்டை இருந்தது?" என்று கேட்டார். "ஐயா, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் இருக்கே, அந்த உயரத்துக்கு அடுக்கியிருந்தாக!" என்றேன். தேர் இன்னும் கண்ணிலேயே நின்றது. வாயில் வந்துவிட்டது. "எத்தனை படுதா தொலைந்தது?" "பத்து!" பெரியவர் எரிந்துபோனதாகச் சொன்னதையும் சொன்னேன், உச்சஸ்தாயியில். எழுதுகிறவர் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருந்தார். என் வாழ்நாளில் நான் பேசியதை ஒருத்தர் ஒரு சொல் விடாமல் எழுதியது இன்றுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினேன். பாண்டிசெல்வி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "தேர் உசரமா? அங்கயுமா?" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எதிர்க்கட்சி வெளிநடப்பு.

ஆகஸ்ட் 30

அறிக்கை வந்துவிட்டது. அறிக்கையா அது?

துறைக்குள் எவருக்கும் பங்கு இல்லையாம். பறிமுதலான கஞ்சா முழுவதும் விதிமுறைப்படி எரிக்கப்பட்டதாம். வினோத் வெளியாளிடம் சரக்கு வாங்கி, தாய்மாமன் கடையிலிருந்து எடுத்த, "எலி முத்திரையிட்ட" படுதாவில் சுற்றிக் கடத்தினானாம்.

எலி! அரசாங்க முத்திரையோடு எலி!

பிறகு என்னைப் பற்றி ஒரு பத்தி. "சாட்சி சங்கையா, சாமியானாவுக்கு அடியில் கோவில் தேர் உயரத்துக்கு மூட்டைகள் இருந்ததாகக் கூறுவது இயலாத ஒன்று. பத்துப் படுதாக்கள் தொலைந்ததாகக் கூறினார். அவருடைய கடையைச் சோதித்ததில் ஒன்று மட்டுமே குறைகிறது. எனவே, படுதா எரிந்ததாக அதிகாரி சொன்னார் என்பது உட்பட, இவருடைய கூற்று எதுவும் ஏற்கத்தக்கதல்ல."

எதுவும். எதுவும்னா எதுவும்.

ஜெயசித்ரா வாசித்துக் காட்டச் சொன்னாள். அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டு வாசித்தேன். "ஒன்னப் பத்தி ஒன்னும் எழுதலையாண்ணே?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 4

ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் ஃபரீதா. என் பொண்ணு வயசுதான் இருக்கும். அறிக்கையை வாசித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அறிக்கையைப் பார்த்தார்.

"ஐயா, இதுல ஒரே ஒரு கேள்விதான். எரிஞ்சுபோச்சுன்னு அந்த அதிகாரியே சொன்ன படுதா எப்படி முழுசா ஜீப்புக்கு வந்துச்சு? படுதா எரியலைன்னா கஞ்சாவும் எரியலை. உங்க மருமகன் வெளிய யார்கிட்டயும் வாங்கலை. இந்த அறிக்கையை எதிர்த்து கோர்ட்டுல மனுப் போடலாம். ஆனா அதிகாரி சொன்னதைக் கேட்டது யாரு?"

"நான்!"

"உங்களைத் தவிர."

இந்த இரண்டு சொல்லுக்கு இருக்கிற கூர்மை எங்கள் கடைத் தேங்காய் துருவிக்குக்கூடக் கிடையாது.

கேட்ட இன்னொருத்தர் மைதீன் பிச்சை.

செப்டம்பர் 6

மைதீன் பிச்சை வர மாட்டேன் என்கிறார். அவர் கடைச் சுவரும் அலுவலகச் சுவரும் ஒன்று. தினமும் ரெண்டு வேளை உள்ளே டீ போகிறது. நட்பு, நியாயம், மனுநீதி, மறுமை என்று ஒரு மணி நேரம் முழங்கினேன். டீக்கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை.

செப்டம்பர் 19

அரசு ஊழியர் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார்கள். பெரியவர் இன்றைக்கும் டீ குடித்தார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார்! வணக்கம்! அந்தக் கையை ஆறு துண்டாக — வேண்டாம். எழுத மாட்டேன்.

செப்டம்பர் 27

ஜெயசித்ரா கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் மைதீன் பிச்சை கடைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாளாம். எனக்குத் தெரியாது. ஒன்றும் கேட்பதில்லையாம். ஒரு டீ. குடித்துவிட்டு எழுந்து மில் வேலைக்குப் போய்விடுவாளாம். "ஏட்டி, நீ எதுக்கு அங்க போய் உக்காருத?" என்று கேட்டேன். "வினோத்து அங்கதானண்ணே டீ குடிப்பான்" என்றாள்.

அக்டோபர் 5

மைதீன் பிச்சை கடையைப் பாதி சாத்திவிட்டு என் கடைக்கு வந்தார். அண்டாக்களுக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் அவர் என் கடைக்குள் வந்து உட்கார்ந்ததே இல்லை, நான்தான் போவேன்.

"ஏலே சங்கையா, ஒன் தங்கச்சி மொகத்தப் பாத்துப் பால் ஆத்த முடியல எனக்கு. நான் வாரேன்."

கட்டிப்பிடிக்க எழுந்தேன். கையை நீட்டித் தடுத்தார்.

"இரு. முழுசாக் கேளு. நீ கூண்டுல ஏறிப் பத்தும்ப. பொறவு நான் ஏறி ஒன்னுன்னா என்னயப் பொய்யன்னு எழுதுவான். நான் பத்துன்னா அல்லா கேப்பான். நீ ஒன்னுன்னு சொல்லுவியா? தேரு, யானை, இமயமலைன்னு ஒன்னும் வரக் கூடாது. சொல்லுவன்னா வாரேன். இல்லாட்டி என் டீக்கடை எனக்கு."

"பாய், நீரு கேட்டா உயிரையே —"

"பாத்தியா? ஆரம்பிச்சுட்ட."

வாயை மூடினேன். பிறகு, "ஒன்னு" என்றேன். சொல்லிப் பார்க்கிறதுக்காக. நாக்குக்குப் பழக்கமில்லாத சொல்லாக இருந்தது.

அக்டோபர் 20

தீபாவளி. ஜெயசித்ரா வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. பாண்டிசெல்வி காலையில் பலகாரத்தைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தபோதும் மூடி திறக்காமல் அப்படியே இருந்ததாம்.

நவம்பர் 3

ஒத்திகை. பாண்டிசெல்விதான் நீதிபதி. கையில் அகப்பை.

"எத்தன படுதா?" "ஒன்னு." "எம்புட்டு மூட்ட?" "அது வந்து, ஒரு —" அகப்பை மேஜையில் விழுந்தது. "எம்புட்டு?" "எண்ணல. என் இடுப்பு உசரத்துக்கு இருந்துச்சு." "ஒங்க இடுப்பு எங்க இருக்குன்னு கேட்டா?" "இதெல்லாம் கேக்க மாட்டாக!" "கேப்பாக. பதில் மட்டும் சொல்லுங்க."

உண்மை பேசுவது இவ்வளவு சுருக்கமான வேலை என்று எவனும் எனக்குச் சொல்லவில்லை. வாயைத் திறந்ததும் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது?

நவம்பர் 18

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்.

போகிற வழியில் நின்றிருந்த தேரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

கூண்டில் ஏறினேன். எத்தனை படுதா? ஒன்று. மூட்டை? எண்ணவில்லை, இடுப்பு உயரம் இருக்கும். அதிகாரி என்ன சொன்னார்? படுதா தீயில் விழுந்து எரிந்தது, கஞ்சாவோடு சேர்ந்து சாம்பல் என்றார். எப்போது? விழா முடிந்த மறுவாரம், பையனைப் பிடிப்பதற்கு முன்னால். எங்கே? டீக்கடையில்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சிரித்தார். அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "போன தடவை பத்துன்னீங்க. தேர் உயரம்னீங்க. இன்னைக்கு ஒன்னு, இடுப்பு உயரம். நாளைக்கு எவ்வளவு?"

ஊரே சிரித்தது. (ஊர் இல்லை. அங்கே இருந்த ஏழெட்டுப் பேர்.) பின்பெஞ்சில் ஜெயசித்ரா சிரிக்கவில்லை. போலீஸ் பக்கத்தில் வினோத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒத்திகையில் இல்லாத கேள்வி. என்ன சொன்னேன் என்று எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

"ஐயா, கடையில நான் பத்துன்னு சொல்லுவேன். ஊருக்கே தெரியும், எல்லாரும் கழிச்சுக்கிடுவாக. விசாரணையிலயும் அப்படியே சொல்லிப்புட்டேன். அங்க கழிக்கல, அம்புட்டையும் தூக்கிப் போட்டுட்டாக. தப்பு என் வாயிதான். ஆனா தொலஞ்சது ஒன்னு. அந்த ஒன்னு இந்தா, ஒங்க மேசையில இருக்கு. எரியல."

நீதிபதி மேஜை மேல் இருந்த படுதாவைப் பிரித்துக் காட்டச் சொன்னார். நான்கு மூலையும். ஓரிடத்தில்கூடக் கருகல் இல்லை. மூலையில் மாங்காய். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எலி என்று சொல்லவில்லை.

அடுத்து மைதீன் பிச்சை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறினார். "எரிஞ்சு போச்சுன்னு அவிய சொன்னாக. நான் பால் ஆத்திக்கிட்டு இருந்தேன். காதால கேட்டேன்." அவ்வளவுதான். இறங்கிவிட்டார். சேர்ந்து பஸ் ஏறினோம். டிக்கெட் அவர்தான் எடுத்தார்.

நவம்பர் 21

அலுவலகத்துக்குள் டீ போவது நின்றுவிட்டது. அடுத்த தெருக் கடையில் வாங்குகிறார்களாம். மைதீன் பிச்சை, "சனியன், பாக்கி வசூலிக்கிற வேலை மிச்சம்" என்கிறார். ஆனால் பால் கேன் ஒன்றைக் குறைத்துவிட்டார். பார்த்தேன்.

டிசம்பர் 12

அந்த அறிக்கையை ஏற்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. வேறு பிரிவு புதிதாக விசாரிக்க வேண்டும், சூளையில் எரிந்தது என்ன என்பதிலிருந்து. வினோத்துக்கு ஜாமீன்.

வெற்றி விழா என்று எழுத வந்தேன். ஆனால் வழக்கு முடியவில்லை. பெரியவர் மருத்துவ விடுப்பில் இருக்கிறாராம், என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. விசாரணைக்கு மேல் விசாரணை, அதற்கு மேல் இன்னொன்று. என் பேரன் காலத்தில் முடிந்தாலும் — சரி. சில வருஷம் ஆகும்.

டிசம்பர் 15

வினோத் வீட்டுக்கு வந்தான். இளைத்துப்போயிருக்கிறான். டிரைவர் வேலை போய்விட்டது. என் வேனை ஓட்டச் சொன்னேன். "மாமா, ஏத்துற மூட்டையெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்" என்றான். அண்டாவில் என்னலே பிரிக்க இருக்கு என்று கேட்டேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினான்.

ஜனவரி 25

மம்சாபுரத்தில் கல்யாணம். வினோத்தும் நானும் விடியும்போதே போய்ப் பந்தலைச் சுற்றிப் படுதா கட்டினோம். வடகிழக்கு மூலையில் ஒரு இடைவெளி. அந்த வழியாகச் சூளைப் பக்கம் தெரிந்தது. புகை இல்லை.

பொண்ணோட அப்பா வந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி, இங்க ஓட்டையா இருக்கு? எத்தன படுதா கொறையுது?"

வினோத் கயிற்றைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒன்னு," என்றேன். "கோர்ட்டுல இருக்கு."

அவர் நம்பவில்லை. "ஒங்க சேட்டை இருக்கே!" என்று முதுகில் தட்டிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வினோத்தும் சிரித்துவிட்டான். ஜூலைக்குப் பிறகு இன்றுதான்.