திருவிருந்துக்கு முதல் நாள்

போதகர் ஐயா,

இன்று சுன்னாகம் சந்தையில் முந்திரிகைப்பழக் குலைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது, வெயிலில் புளித்த பழத்தின் மணம் மூக்கில் ஏறியது. விலைகூடக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். அது எனக்குத் திருவிருந்தின் மணம். உங்கள்மேல் எனக்கிருந்த கோபத்தின் மணமும் அதுதான்.

யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கொழும்பிலிருந்து திராட்சரசம் வருவது நின்றுபோயிற்று. சண்டிலிப்பாயில் சைவக் குடும்பங்களுக்கு நடுவே எங்களுடையது சின்னச் சபை. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு நான்தான் முந்திரிகைப்பழம் பிழிந்து, துணியில் வடித்துக் கொடுப்பேன். நீங்கள் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு ஏதாவது குறை சொல்வீர்கள். பிரசங்கத்தை நீட்டி முழக்குவீர்கள். பாட்டை உச்சத்தில் தொடங்கி எங்களைத் திண்டாட விடுவீர்கள். யாராவது மறுத்துக் கதைத்தால் முகம் சிவந்துவிடும். "ஐயா அப்பிடித்தான்" என்று உங்களுக்காகச் சமாதானம் சொல்லிச் சொல்லியே என் வாய் உளைந்தது.

வெளியே போகிற ஆனையிறவுத் தரைப்பாதை மூடியிருந்தது. தலைக்கு மேல் விமானம், சுற்றிவரக் கடல். கிளாலியில் வள்ளம் ஏறினால்தான் வெளியே போகலாம். அதிலும் துவக்குச் சூடுபட்டுச் செத்தவர்கள் உண்டு. என் ஒரே மகளைக் கொழும்பிலிருந்த தம்பியிடம் அனுப்ப ஒழுங்கு செய்துவிட்டு, ஜெபிக்கக் கேட்டு உங்களிடம் வந்தேன். நீங்கள் ஜெபிக்கவில்லை.

"மேய்ப்பன் இருக்கிற இடத்திலைதான் மந்தையும் இருக்கவேணும். பிள்ளையை அனுப்பாதேங்கோ" என்றீர்கள்.

நான் பயணத்தை நிறுத்தினேன். மகள் என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டாள்.

பிறகு உங்கள் மனைவி வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் மகள் உடுப்பிட்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்று எங்களுக்குச் சொன்னீர்களே, அது பொய். அவள் எப்போதோ கிளாலியைக் கடந்துவிட்டாள்.

சபையை விட்டுப் போகலாம் என்றால், எங்கே போவது? என் கணவரை அடக்கம் செய்ததும் சபை வளவில்தான். வெளியே சொன்னால் இருக்கிற நாலு குடும்பமும் சிதறிவிடும். சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

அந்த ஞாயிறு திருவிருந்து. மனத்தாங்கல் உள்ளவர்கள் ஒப்புரவாகாமல் பந்திக்கு வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம்; வழக்கம்போல அதை அறிவித்ததும் நீங்கள்தான். ரசம் பிழிந்தவளே பந்திக்கு வராவிட்டால் ஏனென்று எல்லோரும் கேட்பார்கள். சனிக்கிழமை பின்னேரம் ரசப் போத்தலோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

"ஐயா, உங்கடை மகள் எங்கை?" என்று கேட்டேன்.

நின்றிருந்த நீங்கள் கதிரையில் இருந்துவிட்டீர்கள். "எனக்குப் பயம், தங்கச்சி. அதுதான் பிள்ளையை அனுப்பிப்போட்டன். எல்லாரும் போனால் நான் ஆருக்குப் போதகர் எண்டும் பயம்."

"அதை நாளைக்குச் சபையிலை சொல்லுங்கோ. அப்பத்தான் நான் உங்கடை கையாலை வாங்குவன்" என்றேன்.

மறுநாள் சொன்னீர்கள், அரைகுறையாக. சிலருக்குப் பிழையான ஆலோசனை சொல்லியிருக்கலாம், பிள்ளைகளை அனுப்ப விரும்புகிறவர்கள் அனுப்பலாம், உங்கள் மகளையும் அனுப்பியாயிற்று என்று சுவரைப் பார்த்தபடி சொன்னீர்கள். சொல்லியிருக்கலாமாம்! ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. நானும் போயிருப்பேன். ஆனால் நீங்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றீர்கள். முதல் ஆளாகப் போய் முழந்தாளிட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை, ஆனாலும் குடித்தேன்.

அதன்பிறகு என் மகளைக் கிளாலிவரை உங்கள் சைக்கிளிலேயே ஏற்றிப் போனீர்கள். வள்ளத்தில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்ததாம். ஐயா ஏறவில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதியே ஊரைவிட்டு வெளிக்கிட்டு மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோதும் நீங்கள்தான் முன்னால். குறுக்குவழி தெரியும் என்று எங்களைச் சேற்றுக்குள் இறக்கினீர்கள். முறுமுறுத்துக்கொண்டே பின்னால் வந்தோம். அந்த மாரி முடியுமுன் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று.

உங்களை முழுதாக மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியாது, ஐயா. உங்களுக்காக அழுதது மட்டும் தெரியும். இப்போது நானும் சபையில் ஒரு மூப்பர். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பட்டோ விடட்டோ என்று கேட்டுத் தாய்மார் வருகிறார்கள். வேறு எதுவும் கதைக்க முதல், என் மகள் எங்கே இருக்கிறாள் என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.