நாற்பது வரிகளில் என் வரி

புத்தளம்,
ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். உச்சமுனையில் கடற்காற்று தணிந்ததா, வள்ளங்கள் ஓடுகின்றனவா? அம்மாவின் முழங்கால் எப்படி?

யார் யார் வார இறுதியில் வீட்டுக்குப் போகிறார்கள் என்று காட்ட, விடுதி சிஸ்டருக்குக் கணினியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பெயருக்கு ஒரு வரி, மொத்தம் நாற்பது. ஆல்ட் விசையை அழுத்தியபடி சுட்டியைக் கீழே இழுத்தால் எல்லா வரிகளிலும் ஒரே தடவையில் எழுதலாம். வெள்ளிக்கிழமை அப்படித்தான் "வீட்டுக்கு" என்று எழுதினேன். காற்றால் வள்ளம் வராததால் விடுதியிலேயே நிற்கப்போகும் என்னுடைய வரியும் அதற்குள் அகப்பட்டதைக் கவனிக்கவில்லை.

நேற்று மத்தியானம் குசினிக்குப் போனேன். சமைக்கும் லூர்து அக்கா திகைத்துவிட்டார்.

"எடி பிள்ளை, நீயும் வீட்டை போறாயெண்டெல்லோ லிஸ்டில கிடக்கு! நான் உலையே வைக்கேல்லை."

"கொம்பியூட்டர் என்னை அனுப்பிப்போட்டுது அக்கா" என்றேன். இருவரும் சிரித்தோம். தான் சாப்பிட வைத்திருந்த பாணில் பாதியைத் தந்தார்.

கொஞ்சம் கருவாடும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடுங்கள். மற்றக் கட்டில்கள் வெறுமையானால் மண்டபம் குளிர்கிறது.

வரும் வெள்ளிக்கான பட்டியலில் எல்லாருடைய வரியையும் சரிபார்த்துவிட்டேன். என்னுடையதை மட்டும் தொடவில்லை; அதில் இன்னும் "வீட்டுக்கு" என்றே இருக்கிறது. வள்ளம் வராதென்றால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

செப வேளைக்கு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
டிலுஷா