காப்பிக் கறை

கோச்சடை,
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பவதாரிணிக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். வாட்ஸ்அப்பையும் அவர்தான் முதலில் பார்க்கிறார். அதனால் இதை எதிர் வீட்டு இசைவாணியிடம் கொடுத்து கூரியரில் போடச் சொல்லப்போகிறேன்.

இங்கே மழையே இல்லை. சமயநல்லூர் சித்தி மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. ஒரு வார்த்தை பேசு, சந்தோஷப்படுவாள்.

உன் கார்ப்பெட் விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் நீ வந்திருந்தபோது, சர்க்கரையால் மரத்துப்போன காலோடு அப்பா டைல்ஸில் வழுக்கி விழுந்ததைப் பார்த்து, ஆள் வைத்து அவர் அறை முழுக்க ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதுதான். அதன் மேல் அவருக்கு அவ்வளவு பெருமை. பார்க்க வருகிறவர்களை எல்லாம் காலைக் கழுவிவிட்டு உள்ளே வரச் சொல்வார். ரிட்டயர் ஆகும்வரை பஸ்ஸில் நின்றே தேய்ந்த கால், இப்போதுதான் மெத்தையில் நடக்கிறது என்பார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஆடி மாதம் கட்டிலோரம் காப்பியைக் கொட்டினார். மறுபடியும் கொட்டினார், அதே இடத்தில். வாய்க்கு வந்தபடி ஏசினேன். சந்தன நிறம் வேறு. ஒட்டியிருப்பதால் எடுத்துத் துவைக்கவும் முடியாது. சோப்புத்தூளைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தேய்த்தேன். ஆப்ப சோடா போட்டேன், எலுமிச்சை பிழிந்தேன். காப்பி போய்விட்டது. நடுவில் துருப்பிடித்த மாதிரி ஒரு வட்டம் மட்டும் போகவில்லை.

அடுத்த முறை கொட்டியபோது, காய்வதற்குள் பச்சைத் தண்ணீர் விட்டு, பழைய வேட்டித் துணியை வைத்து அழுத்தினேன். காப்பிக்கு நடுவே துணியில் சிவப்பாக ஏறியது. பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு அந்தக் கறை தெரியாதா?

துணியை அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். அதை வாங்கி நாலாக மடித்தார். பிறகு, “இருமுனா வருது. காப்பின்னா ஏசுவ, ரத்தம்னா அழுவ. நீ ஏசுறதே தேவலைன்னு இருந்துச்சு” என்றார்.

டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி. வேறு இடங்களுக்கும் பரவியிருக்கிறதாம். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாப்பாகிட்டச் சொல்லிராத. இப்பத்தான் புது வேலையில சேந்துருக்கு” என்றார். சரி என்று தலையாட்டினேன். என்னால் முடியவில்லை.

நேற்று மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தால், தரையில் மண்டியிட்டு, பல் தேய்க்கும் பிரஷால் அந்த வட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்குகிறது, விடுவதாக இல்லை. “ஆசையாப் போட்டுக் குடுத்துச்சு. வந்து பாத்தா பிள்ளைக்கு மனசு கஷ்டப்படும்ல” என்றார். பிரஷை வாங்கி நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். அவரைக் கட்டிலில் தூக்கி உட்கார வைத்தபோது, எனக்குப் பாரமே தெரியவில்லை.

புது வேலையில் லீவு கேட்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எதுவும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. அழாதே. தீபாவளிக்கு வந்தால் போதும் என்று அப்பா சொல்வார். சரிப்பா என்று சொல்லிவிடு. சொல்லிவிட்டு, அதற்கு முன்னாலேயே கிளம்பி வா தாயி.

மீனாட்சி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா,
கனகலட்சுமி