காக்கைக்கு வைத்த சோறு

துலூஸ்,
12.10.1980

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீ பின்னிய ஸ்வெட்டர் கையில் குட்டை. ஆனாலும் அதைத்தான் போடுகிறேன்.

இங்கே தங்குவதற்கான மாணவர் அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டுமாம். "அப்பா அம்மா யாராவது பிரெஞ்சுக் குடிமக்களா?" என்று அங்கிருந்த அம்மாள் கேட்டார். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர், நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார் என்றேன். அவர் உயிரோடு இருந்து, நான் பதினெட்டு ஆவதற்குள் "இவள் என் மகள்" என்று கையெழுத்திட்டால் நானும் பிரெஞ்சுக் குடிமகளாம். மார்ச்சில் எனக்குப் பதினெட்டு. என் பிறப்புச் சான்றில் அவர் பெயரே இல்லை. பழைய காகிதம் ஏதாவது வைத்திருக்கிறாயா?

உன் தனம்

உப்பளம்,
3.11.1980

செல்ல மகள் தனக்கொடிக்கு,

காகிதம் இல்லை. ஆள் இருக்கிறார், இங்கே பக்கத்தில் பிள்ளைச்சாவடியில்.

நீ வயிற்றில் இருந்தபோது பிரான்சுக்குப் போனவர், அங்கே செல்வாம்பாள் என்பவளைச் சட்டப்படி பதிவு செய்து கட்டிக்கொண்டார். எங்கள் கல்யாணம் கோயிலோடு சரி. கேட்பவர்களிடம் என்ன சொல்வது? செத்துவிட்டார் என்றேன். அதுவே நின்றுவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் பென்ஷனோடு திரும்பினார். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. எழுதியாவது திட்டு.

அம்மா

துலூஸ்,
18.11.1980

அம்மா,

ஆடி அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்க வருஷா வருஷம் என்னைத்தானே மாடிக்கு அனுப்புவாய்? உயிரோடிருக்கிற மனிதருக்கா? சிரித்தேன், பிறகு அழுதேன். இரண்டு நாள் உன் படத்தைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

ஆனால் பதினேழு வருஷம் ஊர் முன்னால் விதவையாக நின்றது நீ. அந்த வாசலில் போய் நிற்காதே. எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டாம். படித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

தனம்

உப்பளம்,
29.11.1980

தனம்,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் போன வாரமே போய்விட்டேன்.

செல்வாம்பாள்தான் கதவைத் திறந்தாள். விவரம் சொன்னதும் உட்காரச் சொன்னாள். அவர்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்ல நீங்க செத்து பதினேழு வருஷம் ஆவுது. செத்தவருக்கு என்னா பயம்? போடுங்க கையெழுத்த" என்றாள்.

காக்கைச் சோற்றைப் பற்றியும் சொல்லிவிட்டேன். "எனக்கா? அதான் இன்னும் கெட்டியா இருக்கேன்" என்று சிரித்தவர், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கன்சுலேட்டில் கையெழுத்தாகிவிட்டது. தாள் பதிவுத் தபாலில் வருகிறது. இனி அங்கே இருப்பதும் இங்கே வருவதும் உன் இஷ்டம்.

எதிர்வீட்டுப் பார்வதி, "இன்னாக்கா, அவரு உயிரோடதான் இருக்காராமே?" என்றாள். "ஆமாம்" என்றேன். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷம் பயந்தேன்.

அடுத்த ஆடிக்குச் சோறு கிடையாது. அப்போது உனக்கு லீவுதானே? காக்கையிடம் நீயே வந்து சொல்லிவிடு.

அம்மா