பின்பக்கத்துச் சீட்டு

புரட்டாசி 14, புதன்

இன்று முழுக்க அண்ணன்மேல்தான் எரிச்சல். அப்பா வாங்கிவைத்த ஓவியத்தை விற்கலாம் என்று, விலை மதிப்பிடப் புதுச்சேரியிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தோம். வந்தவர் படத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்.

"இங்க ஒரு சீட்டு இருந்திருக்கணுமே? எந்தக் கண்காட்சியில வச்சாங்க, யாரு வாங்கினாங்கன்னு? ஓவியரோட கையெழுத்து மட்டும் போதாதுங்க. அது இருந்தாத்தான் நல்ல விலை போகும்."

இருந்தது. பிரெஞ்சில் எழுதிய சின்னச் சீட்டு. ஆள் வருகிறாரே, படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று, போன வாரம்தான் அண்ணன் கோவில்பத்துக் கடையில் கொடுத்துத் தங்கநிறச் சட்டம் மாற்றினான். பின்பக்கம் இருந்த பழைய அட்டை, ஒட்டியிருந்த சீட்டோடு குப்பைக்குப் போய்விட்டது.

"கரையான் அரிச்ச அட்டைம்மா அது. அதுக்கா இவ்வளவு மதிப்பு?" என்கிறான்.

வந்தவர் சொன்ன விலை, நாங்கள் நினைத்ததில் கால்வாசிகூட இல்லை.

சற்றுமுன் அண்ணன் போன் செய்தான். "நீதான் பிரெஞ்சு படிச்சவளாச்சே. நாமளே ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டா என்ன?"

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு போனை வைத்தேன். வைத்த கையோடு அப்பாவின் பெட்டியைத் திறந்து, மஞ்சளாகிப்போன வெற்றுத்தாள் எதுவும் இருக்கிறதா என்று தேடினேன்.

ஒன்று கிடைத்தது.